மூன்று குடையும் ஒரு மலையும்

சங்கப் பாடல்களில் வரும் போர்க்கணக்கை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். வெண்ணியில் கரிகாலனுக்கு எதிரே 11 வேளிரும் வேந்தரும் சேர்ந்து நின்றார்கள், தோற்றார்கள். வாகைப் பறந்தலையில் அதே கரிகாலனுக்கு எதிரே ஒன்பது மன்னர்கள். பட்டப்பகலில் ஒன்பது குடையும் பறிபோனதைப் பரணர் சொல்கிறார். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் கால் சதங்கையைக் கழற்றி அதிக நாள் ஆகாத இளைஞன். எதிரே சேரன், சோழன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என்று ஏழு பேர். அவர்களும் தோற்றார்கள். கொல்லிமலையில் அதியமானும் இரு பெரும் வேந்தர்களும் ஒரு பக்கம் நிற்க, சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தனியாக நின்றான். வென்றவன் சேரன்.

கூட்டணி என்றாலே தோல்விதானா?

இதில் பாதி பாட்டுக்கணக்கு என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். புலவர் பாடுவது வென்றவனை. எதிரிகளின் எண்ணிக்கை கூடக்கூட வென்றவனின் புகழும் கூடும். ஒருவனை ஒருவன் வெல்வதும் தோற்பதும் உலகத்துக்குப் பழகிய சேதி, ஏழு பேரைத் தனியாக வென்றதை இதுவரை கேட்டதில்லை என்று நெடுஞ்செழியனை வியக்கிறார் இடைக்குன்றூர் கிழார். அந்த வியப்புதான் பாட்டாயிற்று. மூவேந்தர் சேர்ந்து பாரியின் பறம்பை முற்றியதும் கூட்டணிப் போர்தான், கடைசியில் பாரி செத்தும் போனான். ஆனால் அதை உருக்கமாகப் பாடியவர் செத்தவனின் நண்பர் கபிலர். கூட்டாக அடித்து வென்றதில் பெருமை பாட ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

பாட்டின் மிகையைக் கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கிறது. ஒரே எதிரிக்கு அஞ்சும் மூன்று பேர், தங்கள் படைபலத்தைக் கூட்டினால் வரும் தொகையளவுக்கு ஏன் வலிமை பெறுவதில்லை? கடந்த 80 ஆண்டுகளில் கணிதக்காரர்களும் அரசியல் ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியைக் குடைந்து சில அழகான விடைகளைக் கண்டிருக்கிறார்கள். அவற்றைப் பொருத்திப் பார்க்கக் கொல்லிமலையை விடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

இன்று கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டில் ஏறுகிறார்கள். சமவெளியிலிருந்து சுவர் போல எழும் மலை. மேலே ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வயலும் பலாவும் மிளகும் விளையும் பரந்த மேட்டுநிலம். அறப்பளீசுவரர் கோயிலருகே ஓடும் ஐயாறு, ஆகாய கங்கையாக விழுந்து கிழக்கே புளியஞ்சோலை வழியாகத் திருச்சிப் பக்கம் இறங்குகிறது. செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த ஓரிக்குச் சிலை உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு விழாவும் எடுக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் என்று வன்பரணர் பாடிய அந்த வல்வில் ஓரியின் மலை இது.

அந்தக் காலத்து ஊர்களை இந்த மலையைச் சுற்றி வைத்துப் பாருங்கள். நேர்க்கோட்டில் அளந்தால் சேர இரும்பொறைகளின் கரூர் தென்மேற்கே சுமார் 45 கி.மீ. சோழனின் உறையூர் தென்கிழக்கே சுமார் 60. அதியமானின் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, வடக்கே ஏறத்தாழ 100. மலையமான்களின் திருக்கோவலூர் வடகிழக்கே 120. பாண்டியனின் மதுரை தெற்கே 150. ஐந்து அரசுகளின் கண்ணும் ஒரே மலைமேல். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கைக் கடந்து, கரூரைத் தொட்டு, காவிரியோரமாகக் கிழக்கே போகும் வணிக வழி இந்த மலைக்குத் தெற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லமுடியாவிட்டாலும் கண்காணிக்கும் தூரத்தில்தான் ஓடியது.

இனி நடந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி திருக்கோவலூரை அடித்து மலையமான் திருமுடிக்காரியைத் தோற்கடித்தான். ஔவையாரின் பாட்டு அதற்குச் சாட்சி. காரி சேரனுக்காகக் கொல்லிக்குப் போய் ஓரியைக் கொன்று மலையைச் சேரன் கையில் கொடுத்தான். அகநானூற்றில் கல்லாடனார் இதைச் சொல்கிறார். ஓரியைக் கொன்ற காரி அவன் ஊர்ப் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை ஊர் அலருக்கு உவமையாக்கி நற்றிணையில் வைத்துவிட்டார் கபிலர். ஒரு நாட்டின் வீழ்ச்சி இன்னொரு வீட்டுச் சண்டைக்கு உவமையாகிப் போனது! பிறகு அஞ்சி இரு பெரும் வேந்தர்களோடு சேர்ந்து சேரனை எதிர்த்தான். கொல்லி வட்டாரத்தில் நீர்கூர் என்ற மேட்டில் சேரன் மூவரையும் ஒருசேர வென்று, முரசும் குடையும் அணிகலன்களும் கைப்பற்றி, அப்படியே வடக்கே போய்த் தகடூரையும் தகர்த்தான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குரிய பதிகம் தரும் செய்தி இது. வேந்தர் இருவரின் பெயர் அதில் இல்லை. எதிரி சேரன் என்பதால் மற்ற இருவரும் சோழனும் பாண்டியனுமாகத்தான் இருக்க முடியும்.

துண்டு துண்டாகக் கிடைக்கும் இந்தச் செய்திகளை ஒரே சரடில் கோத்தவர்கள் பிற்கால ஆய்வாளர்கள். பதிகங்களும் பாடல்களுக்குப் பிந்தியவை என்பதே பலர் கருத்து. ஆனால் மண்ணும் கல்லும் பேச்சுக்குத் துணை வருகின்றன. திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981-இல் ஒரு தமிழிக் கல்வெட்டு வெளிப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த கற்படுக்கையைச் சொல்லும் கல்வெட்டு அது. மலையமானின் வாசலில் அஞ்சியின் பெயர்! கரூரில் அமராவதி ஆற்று மணலை அலசியவர்களுக்குக் கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை என்று பெயர் பொறித்த சேரக் காசுகள் கிடைத்தன. உள்ளங்கையில் ஒளிந்துவிடும் அளவுக் காசு. மலை யாருடையது என்ற விளம்பரத்தைச் சந்தைக்குச் சந்தை கொண்டு சேர்க்க அதைவிட மலிவான வழி அன்று இருந்திருக்காது.

காரியிடம் சற்று நிற்போம். சின்ன நாட்டுக்காரன். ஆனால் மூவேந்தரில் யாராவது ஒருவர், தமக்குத் துணைவரச் சொல்லி அனுப்பும் பொருள்தான் அவனுடைய செல்வம் என்கிறார் கபிலர். மற்றொரு பாட்டில் சோழன் பெருநற்கிள்ளியும் சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் மோதுகிறார்கள். மலையமான் குடியின் தேர்வண் மலையன் சோழனுக்குத் துணை. வென்றவன் வெற்றிக்குக் காரணம் மலையன் என்கிறான். தோற்றவனும், மலையன் மட்டும் வராதிருந்தால் என்று அவனையே நினைக்கிறான். சிறியவனுக்கு இவ்வளவு மதிப்பு எப்படி?

1954-இல் லாயிட் ஷாப்லி, மார்ட்டின் ஷுபிக் என்ற இருவர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். சேரன் படை 49, சோழன் படை 49, மலையமான் படை 2 என்று வைத்துக்கொள்வோம். வெல்ல 51 வேண்டும். மூவரையும் யார் முதலில் களத்துக்கு வருகிறார், யார் அடுத்து என்று ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். எந்த வரிசையை எடுத்தாலும் இரண்டாவதாக வருகிறவர் சேர்ந்ததும் 51 எட்டிவிடும், தீர்மானிப்பவர் அவரே. ஆறு வரிசைகளில் ஒவ்வொருவரும் இரண்டு தடவை இரண்டாமிடத்தில் வருகிறார்கள். ஆக, 49-க்கும் 49-க்கும் 2-க்கும் ஒரே பலம், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்கள் திரும்ப ஒருமுறை சரிபார்ப்பார்கள். சரியாகத்தான் இருக்கும்.

இந்தப் பலம் எதுவரை? காரியால் மூன்று வீட்டு வாசலுக்கும் போக முடிகிறவரை. அஞ்சி அவன் ஊரைப் பறித்த பிறகு அந்தச் சுதந்திரம் போய்விட்டது. யாரையாவது ஒருவரைச் சார்ந்தே ஊரை மீட்க வேண்டும். அப்போது விலையைச் சொல்கிறவன் சேரன். அந்த விலை கொல்லிமலை. ஓரியோடு காரிக்கு என்ன பகை இருந்தது என்று பாடல்களில் தேடினால் பெரிதாக எதுவும் அகப்படாது. காரி என்ற குதிரையில் காரியும் ஓரி என்ற குதிரையில் ஓரியும் மோதிய காட்சிதான் சிறுபாணாற்றுப்படை வரை நினைவில் நின்றது.

இப்போது மறுபக்கத்துக் கூட்டணிக்கு வருவோம். அதியமான், சோழன், பாண்டியன் மூவருக்கும் எதிரி ஒருவனே. ஆனால் எதிரி ஒருவன் என்பதால் அச்சமும் ஒன்றாகிவிடாது. கென்னத் போல்டிங் என்ற பொருளியலாளர் 1962-இல் எளிமையான ஒரு விஷயத்தைக் கோட்பாடாக்கினார். எந்த நாட்டின் பலமும் வீட்டு வாசலில் உச்சத்தில் இருக்கும். தூரம் போகப்போகத் தேயும். சோறும் தண்ணீரும் மாட்டுத் தீவனமும் சேதியும் அவ்வளவு தூரம் போய்ச்சேர வேண்டுமே. மேலே சொன்ன தூரங்களை இங்கே போட்டுப் பாருங்கள். கரூரிலிருந்து கொல்லிக்கு வரும் சேரப் படை 45 கி.மீ.யில் களைப்பதில்லை. மதுரையிலிருந்து வரும் படை 150 கி.மீ. நடந்து, காவிரியையும் தாண்டி, பிறகு மலையேற வேண்டும். சேரனுக்கு வீட்டுத் திண்ணை. பாண்டியனுக்கு வெளியூர்ப் பயணம்.

எதிரியிடமிருந்து வரும் ஆபத்தும் அதே தூரத்தைப் பொறுத்ததுதான். சேரன் கொல்லியில் உட்கார்ந்துவிட்டால் அஞ்சிக்கு அடுத்த அடி தகடூரில். அவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. சோழனுக்கு காவிரிக் கரையில் ஓர் எல்லைப் பிரச்சினை; சேரன் இத்தோடு நிற்பதாக வாக்குக் கொடுத்தால் பேசிப் பார்க்கலாம். பாண்டியனுக்குச் சேரன் மிகவும் பெருத்துவிடக் கூடாது, அவ்வளவே. சேரன் ஒடுங்கிப்போய்ச் சோழன் பெருத்தால் அதுவும் அவனுக்கு ஆகாது. இப்படி மூன்று அளவு அச்சம் உள்ளவர்கள் போரை எப்போது தொடங்குவது, எதுவரை நடத்துவது, எதைக் கொடுத்தால் சமாதானம் என்று ஒரே முடிவுக்கு எப்படி வருவார்கள்? போர்க்கால வெளியுறவுக் கொள்கை என்பதே இந்த மூன்று கேள்விகள்தாம்.

கிளென் ஸ்னைடர் என்ற அமெரிக்க அறிஞர் 1984-இல் எழுதியது இதற்கு நன்றாகப் பொருந்தும். கூட்டணியில் இருக்கும் ஒவ்வொருவரையும் இரண்டு பயங்கள் ஆட்டுகின்றன. ஒன்று, கூட்டாளி என்னை நட்டாற்றில் விட்டுவிடுவானோ என்பது. மற்றது, அவனுடைய சண்டையில் என்னை இழுத்து மாட்டிவிடுவானோ என்பது. கொடுமை என்னவென்றால் ஒரு பயத்துக்குப் போடும் மருந்து மற்றதை வளர்க்கும். கடைசிவரை கூட இருப்பேன் என்று சோழன் உறுதி கொடுத்தால் அஞ்சிக்குத் துணிச்சல் கூடி வம்பு வளரும். உறுதியைச் சற்றுத் தளர்த்திச் சொன்னால் அஞ்சி இரவெல்லாம் விழித்திருப்பான். ஔவையாரை அஞ்சி தொண்டைமானிடம் தூதனுப்பிய கதை எல்லாருக்கும் தெரியும்: எண்ணெய் பூசிப் பளபளக்கும் தொண்டைமானின் ஆயுதங்களையும், கொல்லன் பட்டறையில் முனை முறிந்து கிடக்கும் அஞ்சியின் ஆயுதங்களையும் அவர் ஒப்பிட்டுச் சொன்னது. எதிரியை அடக்க அந்தப் பேச்சு அருமையானது. அதையே ஒரு கூட்டாளி கேட்டிருந்தால் என்ன நினைப்பான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இவன் தினந்தோறும் சண்டைக்குப் போகிறவன் ஆயிற்றே, இவனோடு சேர்ந்தால் நமக்கும் தினந்தோறும் சண்டைதானே என்றுதான்.

வென்றால் பங்கு பிரிப்பது அடுத்த தலைவலி. கொல்லியின் ஓராண்டு விளைச்சல் 100 கலம் என்றும், மூவேந்தரில் எந்த இருவர் சேர்ந்தாலும் மலையைப் பிடித்துவிடலாம் என்றும் வைத்துக்கொள்வோம். சோழனும் பாண்டியனும் ஆளுக்கு 50 என்று கைகுலுக்குகிறார்கள். வெளியே நிற்கும் சேரன் பாண்டியனிடம் போய், உனக்கு 60, எனக்கு 40 போதும் என்கிறான். பாண்டியன் தாவுகிறான். இப்போது வெறுங்கையாக நிற்பவன் சோழன். அவன் சேரனிடம் போய் ஆளுக்குப் பாதி என்கிறான். 40-ஐ விட 50 மேல். சேரன் தாவுகிறான். இது எங்கேதான் நிற்கும்? நிற்காது. எப்படிப் பங்கிட்டாலும் யாராவது ஒருவர் கையில் கொஞ்சமாவது இருக்கும். அவரைக் கழற்றிவிட்டு அவர் பங்கையும் சேர்த்துப் பிரித்துக்கொள்வது மற்ற இருவருக்கும் லாபம். இரண்டே வரியில் முடிந்துபோகும் நிரூபணம் இது. மூவர் ஆட்டத்தின் இந்தச் சங்கடத்தை ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மோர்கென்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட பெரிய நூலில் விரிவாக அலசினார்கள். ஆட்டத்தில் இருக்கும் மூவரும் உத்தமர்களாக இருந்தாலும் எண்கள் அவர்களை நிம்மதியாக இருக்கவிடாது என்பதுதான் இதில் என்னை அசத்துவது. துரோகம், பேராசை என்று நாம் திட்டுவதில் ஒரு பகுதி வெறும் கூட்டல் கழித்தல்.

நிஜ உலகம் இவ்வளவு வழுக்காது. தாவுவதற்குச் செலவு உண்டு, பெண் கொடுத்த உறவு உண்டு, பழிச்சொல்லுக்கு அச்சம் உண்டு. எதிரெதிரே நின்ற சேரன், சோழன், பாண்டியன் மூவரும் ஒரே இடத்தில் கூடியிருக்கக் கண்டு ஔவையார் வாழ்த்திய பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது. வடக்கே மொழி மாறும் எல்லையை மூவரும் சேர்ந்து காத்ததை மாமூலனார் அகநானூற்றில் சொல்கிறார். கலிங்கத்து மன்னன் காரவேலனின் ஹாத்திகும்பாக் கல்வெட்டு, நெடுங்காலம் நின்ற ஒரு தமிழ்க் கூட்டணியைத் தான் உடைத்ததாகப் பெருமை பேசுகிறது. அதன் வயது 113 ஆண்டா 1300 ஆண்டா என்று வாசிப்பவர்களுக்குள் தகராறு. எப்படியானாலும், அயலான் வரும் திசை ஒன்றாக இருந்தபோது மூவரும் ஒட்டி நின்றார்கள். சண்டைக்குரிய பொருள் தங்களுக்கு நடுவிலேயே கிடந்தபோது ஒட்டவில்லை.

கொல்லியின் விளைச்சலையாவது கலம் போட்டு அளந்து பிரிக்கலாம். அதன் உயரத்தை எப்படிப் பிரிப்பது? மேலே காவல் வைப்பவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவன் யார் பக்கம் பார்த்து அம்பு வைத்திருக்கிறான் என்ற கேள்வியும் இருக்கும். பங்கிட முடியாத பொருள்தான் பேச்சுவார்த்தையைக் கெடுத்துப் போரில் கொண்டு விடும் காரணங்களில் ஒன்று என்று ஜேம்ஸ் ஃபியரன் 1995-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆராய்ந்தார். பெரும்பாலான பொருள்களுக்குப் பணத்தால் ஈடு கட்டிவிடலாம் என்பதும் அவர் வாதம். மலைக்கு ஈடாகப் பணம் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணம் அடுத்த வருடமும் வருமா என்பதை மலைமேல் இருப்பவன்தானே தீர்மானிப்பான்.

வெற்றியே கூட்டணியைக் காலாவதியாக்கும் விதமும் உண்டு. பக்கத்து நாட்டான் பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன் என்பது அர்த்தசாஸ்திரத்தின் மண்டலக் கணக்கு. கரூரிலிருந்து பார்த்தால் ஓரி பக்கத்து வீடு. காரி அதற்கு அப்பால். சூத்திரம் சுத்தமாகப் பொருந்துகிறது. ஓரி செத்து மலை சேரனுக்குப் போனதும்? நேற்றுவரை தூரத்து நண்பனாக இருந்த சேரன் காரிக்குப் பல காதம் நெருங்கிவிட்டான். காரி தன் கையாலேயே நண்பனைப் பக்கத்து வீட்டுக்காரன் ஆக்கிக்கொண்டான். நிலப்படத்தைப் பார்த்து நட்பு வைக்கிறவர்கள் போரில் மாற்றுவதும் அதே நிலப்படத்தைத்தான்.

அக்காலத்தவருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. குராப்பள்ளித் துஞ்சிய சோழனும் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பாண்டியனும் ஒன்றாக இருந்த ஒரு நாளில் காரிக்கண்ணனார் அவர்களைப் பாடினார். வாழ்த்திவிட்டு நேரே புத்திமதிக்கு வந்துவிட்டார்: இப்படியே இருங்கள், இடையில் புகுந்து பிரிக்கப் பார்ப்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கூடியிருக்கும் இருவரைக் கண்டதுமே பிரிவைப் பற்றி எச்சரிக்கத் தோன்றியது என்றால் நாட்டு நடப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டும் பெரிதாகத் தேறிவிடவில்லை. முதல் உலகப்போரில் ஒரே களத்தில் தோளோடு தோள் நின்ற பிரிட்டனும் பிரான்சும், படைகளை ஒருங்கிணைக்க ஃபோஷ் என்ற ஒரே தளபதியை ஒத்துக்கொண்டது 1918 மார்ச்சில், போர் தொடங்கி மூன்றரை ஆண்டு கழித்து, தோல்வி கண்ணுக்குத் தெரிந்த பிறகு. இரண்டாம் போரில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் 1941 ஆகஸ்டில் அட்லாண்டிக் சாசனத்தைக் கூட்டாக வெளியிட்டார்கள்: எந்த மக்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். அடுத்த மாதமே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து, இது இந்தியாவைப் பற்றியதல்ல என்றார் சர்ச்சில்.

கொல்லிமலையை இன்னொரு முக்கூட்டணியும் தொட்டது. 1790-இல் திப்பு சுல்தானுக்கு எதிராகக் கிழக்கிந்தியக் கம்பெனி, பேஷ்வாவின் மராத்திய அரசு, ஐதராபாத் நிஜாம் மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். வெல்லும் நிலத்தில் சமபங்கு என்று பேச்சு. இங்கே எல்லாம் எழுத்தில் இருந்ததால் கூட்டணி உள்ளே எப்படித் தள்ளாடியது என்பதை நாள்வாரியாகப் பார்க்க முடிகிறது.

1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலுக்கே போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது, அரிசி இல்லை, பீரங்கி இழுக்கும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. உதவிக்கு வரவேண்டிய மராத்தியப் படை எங்கே என்றே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த கனரகப் பீரங்கிகளைத் தாமே சிதைத்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பி நடக்கத் தொடங்கினார். தொடங்கிய அன்றே குதிரைப்படை ஒன்று எதிரே வர, எதிரிகள் என்று நினைத்து ஆயத்தமானார்கள். வந்தவர்கள் மராத்தியர்கள்! ஹரிபந்த்தும் பரசுராம் பாவும் பெரும்படையோடும், தானியம் முதல் சகலமும் விற்கும் நடமாடும் கடைத்தெருவோடும் சில மைல் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய சேதிக்காரர்களைத் திப்புவின் குதிரை வீரர்கள் வழியிலேயே மடக்கிவிட்டதால் சேதி வந்து சேரவில்லை. சில நாள் முன்னால் ஒரே ஒரு ஓலை போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பீரங்கிகள் பிழைத்திருக்கும். கூட்டாளிகள் மனத்தால் ஒன்றாக இருந்தும் கெட்டுப்போக இது போதும்.

மனமும் ஒன்றாக இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் பரசுராம் பாவு தலைநகர் முற்றுகைக்கு வராமல் சிமோகாவைப் பிடித்துக்கொண்டு பிதனூர் நோக்கிப் போனார். மராத்தியருக்குத் திப்பு இளைக்க வேண்டும், ஆனால் செத்துவிடக் கூடாது. செத்தால் தெற்கே கம்பெனிக்கு எதிர்ப்பலம் ஏது? கொல்லியில் பாண்டியனுக்கு இருந்திருக்கக்கூடிய அதே கவலை.

1792 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒத்துக்கொண்டு, பணம் தீரும்வரை இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினான். பாதி நாட்டை மூன்றாகப் பிரித்த முறைதான் கவனிக்க வேண்டியது. மைல் கணக்கோ கோட்டைக் கணக்கோ பார்க்கவில்லை. வருவாய்க் கணக்கை முன்னால் வைத்து, ஆளுக்குச் சுமார் 13 லட்சம் வராகன் வரும்படியாகத் தாலுகா தாலுகாவாகப் பட்டியல் போட்டார்கள். பிரிக்க முடியாத மலையைப் பிரிக்கக் கணக்குப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். சேலம் சீமையோடு கொல்லிமலை கம்பெனியின் பட்டியலில் போய் விழுந்தது.

வராகனில் சமம்தான், ஆனால் கம்பெனி எடுத்துக்கொண்டது மலபார், திண்டுக்கல், சேலம், பாரமகால். மைசூரிலிருந்து இறங்கும் கணவாய்கள் இருக்கும் பக்கமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அடுத்து, இந்தப் பங்கீட்டை மூவரும் சேர்ந்து காப்பதற்கு ஒரு பொது உறுதிப்பத்திரம் போடலாம் என்றார் கார்ன்வாலிஸ். நிஜாம் சம்மதித்தார். மராத்தியர் மறுத்தார்கள். நிஜாமிடம் அவர்களுக்குப் பழைய சௌத் வரிப் பாக்கி வரவேண்டியிருந்தது. நிஜாமைக் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடமே எப்படிப் பாக்கி வசூலிப்பது?

வசூலித்தார்கள். 1795 மார்ச்சில் கர்தாவில் மராத்தியப் படை நிஜாமை முறியடித்தது; கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நிஜாம் பயந்துபோய் 1798-இல் கம்பெனியின் துணைப்படையைத் தன் நாட்டில் வைத்துக்கொண்டார். 1799-இல் திப்பு வீழ்ந்தபோது மராத்தியர் போரில் இல்லை. நிபந்தனையோடு ஒரு பங்கு கொடுக்க முன்வந்தபோதும் பேஷ்வா வாங்கவில்லை. மிச்ச நிலத்தைக் கம்பெனியும் நிஜாமும் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, துணைப்படையின் செலவுக்கு ஈடாக நிஜாம் 1792-இலும் 1799-இலும் தனக்குக் கிடைத்த மைசூர்ப் பங்கை, பல்லாரி, கடப்பைச் சீமைகளோடு, கம்பெனியிடமே எழுதிக்கொடுத்தார். அங்கே வரி நிர்ணயிக்கப் போன முதல் பெரிய கலெக்டர் தாமஸ் மன்றோ. அந்த வேலையை அவர் கற்றுக்கொண்டது 1792 முதல் 1799 வரை ஏழு ஆண்டுகள், அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக, பாரமகாலில்.